உல்டாவாக ஏறிய கொடி

அம்மாடி,

இங்கே எல்லாரும் சுகம், உன் அம்மாவின் முழங்காலைத் தவிர. அது உன் கல்யாணம் முடிகிற வரைக்கும் தாங்கினால் போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் லீவு போட்டு வரப்போகிறவளுக்கு எதற்கு இந்த மனுஷன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்குகிற நேரத்தில் வீடு முழுக்க உன் அத்தைகளும் பெரியம்மாக்களும் இருப்பார்கள், பந்தல்காரர் ஒரு பக்கம் கத்துவார், சமையல்காரர் ஒரு பக்கம் கத்துவார். அந்தக் கூட்டத்தில் அப்பன் மகளைத் தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேச முடியுமா? அப்படியே பேச உட்கார்ந்தாலும் நான் பந்தல் செலவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன், நீ "இன்னா நைனா, காபி வேணுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நேற்று நம்ம தெருவில் நடந்த சுதந்திர தின விழாவை யாராவது வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பியிருப்பார்கள். அதில் நான் மைக்கில் பேசியது பாதிதான் இருக்கும், எடுத்தவன் பாதியிலேயே செல்போனைக் கீழே இறக்கிவிட்டான். மீதியை நீ என்னிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம்ம தெருவின் ஆகஸ்ட் பதினைந்தைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, எனக்கு அவ்வளவு பெருமை. ஸ்கூலிலும் கம்பெனியிலும் கொடியேற்றச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வரும். நம்ம தெருவுக்கு யாரும் உத்தரவு போடுவதில்லை, நாமாகவே ஏற்றுகிறோம். முந்தின நாள் சாயங்காலமே காகிதத் தோரணம் கட்டுவோம், மழை வந்து அதைக் கரைத்துவிட்டுப் போகும், விடிகாலையில் திட்டிக்கொண்டே மறுபடியும் கட்டுவோம். பெண்கள் கம்பத்தைச் சுற்றி மூன்று நிறத்தில் கோலம் போடுவார்கள். நடுவில் சக்கரத்துக்கு இருபத்து நாலு ஆரம் சரியாக வரவில்லை என்று வருஷா வருஷம் ஒரு சண்டை நடக்கும். ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடுகிற போட்டியில் உன் அம்மா மூன்று தடவை பரிசு வாங்கியவள், நான்காவது தடவை பழத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு ஓடி மாட்டிக்கொண்டவள். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் நம்ம மணவாள நகரில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். செய்யாற்றுக்காரர், கடப்பாக்காரர், ஒரிசாக்காரர் எல்லாரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற தெரு நம்முடையது. அன்றைக்கு ஒரு நாள் அத்தனை பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் ஒரே பக்கம் பார்த்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கும்.

அந்தக் கம்பம் என் கம்பெனியில் மிச்சமான குழாய். முதலாளியிடம் கேட்டு வாங்கி, நானே பெயின்ட் அடித்து, உச்சியில் கப்பி வைத்து நட்டேன். என் வேலை உனக்குத் தெரியும். இரும்பு உத்திரத்தை கிரேன் தூக்குவதற்கு முன்னால் அதில் கயிறும் சங்கிலியும் சுற்றிக் கட்டுகிறவன். நான் கட்டியது ஒன்றுகூட அவிழ்ந்து விழுந்ததில்லை என்று கம்பெனியில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை வைத்துத்தான் கொடி கட்டுகிற வேலையைத் தெரு எனக்குக் கொடுத்தது. கொடியை மடித்து, உள்ளே சாமந்தியும் ரோஜாவும் உதிர்த்துப் போட்டு, உச்சிக்குப் போனதும் ஒரு சுண்டு சுண்டினால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட வேண்டும். கட்டுகிறவன் நான், இழுக்கிறவர் யாராவது பெரிய மனுஷர். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று எல்லாரிடமும் சொல்வேன். உள்ளுக்குள் இருந்தது, அம்மாடி. ஒரு தடவையாவது அந்தக் கயிற்றை நாம் இழுக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை.

இப்போது அந்த வருஷத்துக்கு வருகிறேன். உனக்குப் பன்னிரண்டு வயது. சுதாம் நம்ம தெருவுக்குக் குடிவந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. ஒரிசாவிலிருந்து வந்து எஸ்டேட்டில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தவர், கோடி வீட்டு மாடியில் ஒற்றை ரூமில் பெண்சாதியோடு இருந்தார். தெருவில் எல்லாரும் அவரை 'இந்திக்காரர்' என்போம், அவர் பேசுவது வேறு பாஷை என்றுகூட நமக்குத் தெரியாது. நேரில் கூப்பிட 'பையா' என்போம், இந்தியில் அண்ணன் என்று அர்த்தமாம். நீ மட்டும்தான் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு 'சுதாம் மாமா' என்று கூப்பிட்டாய். அன்றைக்குக் காலையில் நான் கம்பத்தடியில் உட்கார்ந்து கொடியை மடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நீயும் பூக்கூடையோடு பக்கத்தில் இருந்தாய். கம்பெனி வேன் எட்டு மணிக்கு வந்துவிடும், அங்கேயும் கொடியேற்றம், எனக்கு அவசரம். முடிச்சுப் போடப் போகிறேன், அவர் என் கையைத் தொட்டு, "பையா, உல்டா, உல்டா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாக என்னால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவர் பேசிய மற்றது எதுவும் எனக்குப் புரியாது, உண்மை. ஆனால் உல்டா நம்ம வீட்டு வார்த்தை. "சட்டையை உல்டாவா மாட்டிக்கினு எங்கயா கெளம்பிட்ட?" என்று உன் அம்மா வாரத்துக்கு ஒரு தடவை என்னைக் கேட்பாள். அவர் சொன்னது எனக்கு அந்த நிமிஷமே விளங்கியது. பச்சை முனை மேல் கயிற்றில் இருக்கிறது, மாற்று என்கிறார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு திமிர்! நேற்று வந்தவர் எனக்கு முடிச்சு சொல்லித் தருவதா? "பத்து டன் உத்திரத்தையே கட்டித் தூக்குறவன்யா நானு. நீ சும்மா புடி" என்று சொல்லிவிட்டு இறுக்கிக் கட்டினேன். பிரித்துப் பார்த்திருந்தால் அரை நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

அப்புறம் நடந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். தெருச் சங்கத் தலைவர் மளிகைக்கடை தணிகாசலம் கயிற்றை இழுத்தார். கொடி உச்சிக்குப் போனது, ஒரு சுண்டு சுண்டினார், பூ கொட்டியது, எல்லாரும் கைதட்டினோம். கைதட்டல் பாதியில் நின்றது. மேலே பச்சை, கீழே காவி. அவசர அவசரமாக இறக்கினார்கள். தணிகாசலத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "எவன்யா கட்டினது?" என்று மைக்கை அணைக்காமலே கத்தினார். தெருவே என்னைப் பார்த்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், இருந்தாலும் என் கையாலேயே எழுதுகிறேன். "அந்தாளுதான் புடிச்சிக்கினு இருந்தாரு. நடுவுல இன்னாமோ சொன்னாரு. அவரு பாஷை எனக்கு இன்னா தெரியும்?" என்றேன். நான் கட்டவில்லை என்று சொல்லவில்லை. அவர்தான் தப்புப் பண்ணினார் என்றும் சொல்லவில்லை. இரண்டையும் தெருவே சேர்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன், தெருவும் புரிந்துகொண்டது. "ஊரு பேரு தெரியாதவங்களை எல்லாம் கொடி மேல கை வைக்க வுட்டா இப்படித்தான்" என்று ஒரு குரல் வந்தது. இனிமேல் கம்பத்துக்கிட்டே வராதே என்று தணிகாசலம் கையை ஆட்டிக் காட்டினார். சுதாம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் நீ சொன்னாய். பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் நடுவில், "நைனா, அவரு உல்டான்னு சொன்னாரு. நான் கேட்டேனே. உல்டான்னா நமக்குத் தெரியும்தானே?" என்றாய். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. உன்னை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். "பெரியவங்க பேசுற எடத்துல உனக்கு இன்னா வேலை?" என்று வேறு கேட்டேன். அதற்கு முன்னாலும் உன்மேல் கை வைத்ததில்லை, அதற்குப் பின்னாலும் இல்லை. அந்த அறையோடு விஷயம் முடிந்துவிட்டது, சின்னப் பிள்ளை உளறுகிறது என்று எல்லாரும் லட்டு வாங்கப் போய்விட்டார்கள். கன்னத்தில் என் விரல் பதிந்திருக்க, நீ சட்டையில் குத்தின கொடியோடு ஸ்கூல் விழாவுக்குப் போனாய். சாயங்காலம் உனக்குப் பிடித்த பாதுஷா வாங்கிவந்தேன். நீ கையில் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாய். மன்னித்துவிட்டாய் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

அதற்கப்புறம் பதினாலு வருஷம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் நான்தான் கட்டினேன், மூன்று தடவை பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினேன். சுதாம் ஒவ்வொரு வருஷமும் வந்தார். கம்பத்தின் பக்கம் வரமாட்டார், கோடி வீட்டுக் காம்பவுண்டு சுவரை ஒட்டி நிற்பார், முதலில் பெண்சாதியோடு, பிறகு கைக்குழந்தையோடு. கொடி ஏறும்போது விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார். லட்டை மட்டும் யாராவது எடுத்துப் போய்க் கொடுப்பார்கள். தெருவில் என்னைப் பார்த்தால் "வணக்கம் பையா" என்று அவர்தான் முதலில் சொல்வார், அதுவே எனக்குப் பேஜாராக இருக்கும். அவர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். நம்ம தமிழை நம்மைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டார், ஃபோர்மேன் ஆனார், அவர் பையன் தெருவில் "இன்னாடா மச்சி" என்று கத்திக்கொண்டு கிரிக்கெட் ஆடுகிறான். ஆனால் கொடியைத் தொடக் கூடாதவர் என்று ஒரு ஆள் நம்ம தெருவில் இருந்தார் என்றால் அது அவர்தான். புதிதாகக் குடிவருகிறவர்களுக்குக்கூட அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் கூட நின்று கேட்டிருக்கிறேன்.

இந்த வருஷம் நான் ரிட்டயர் ஆனதும் சங்கத்தில் ஒரு பேச்சு வந்தது. இத்தனை வருஷம் கட்டினவர், இந்தத் தடவை அவரே ஏற்றட்டும் என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. சலவை வேட்டி, புதுச் சட்டை, எல்லாம் தயார். உனக்குப் போன் பண்ணினேன். "சூப்பர் நைனா! எனக்குத்தான் லீவு இல்லாம போச்சி" என்று கத்தினாய். அப்புறம், "சுதாம் மாமா வருவாரா?" என்று கேட்டாய். வருவார், கொடியேற்றம் முடிந்த இரண்டு நாளில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிறார் என்றேன். "ஓ" என்றாய், அவ்வளவுதான். நீ குத்திக்காட்டவில்லை, உனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி சோற்றில் கல் மாதிரி அகப்பட்டுக்கொண்டது. நான் கயிற்றை இழுக்கப் போகிறேன், அவர் சுவரோரமாக நின்று சல்யூட் அடித்துவிட்டு, என் தப்பைத் தன் பேரில் சுமந்துகொண்டு ரயில் ஏறப் போகிறார்.

உன் அம்மாவிடம் சொன்னேன், எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று. "ஏன்யா, வனவாசமே முடியிற அளவுக்கு வருஷம் ஆச்சி. இப்ப எதுக்குக் கெளறிக்கினு? பத்து நாள்ல ஊட்ல கல்யாணம். சம்பந்தி ஊட்டுக்காரங்க காதுல வுழுந்தா இன்னா நெனைப்பாங்க?" என்று பொரிந்து தள்ளினாள். நான் நாஷ்டா தட்டைத் தள்ளிவைத்தேன். இன்னொரு இட்லியை வைத்துவிட்டு, "சரி, சொல்றதுன்னா முழுசா சொல்லு. அன்னிக்கு மாதிரி பாதி சொல்லிட்டு பாதி முழுங்காதே" என்றாள். நீ புகுந்த வீட்டுக்குப் போகும்போது நகை நட்டோடு இந்தப் புத்தியையும் உன் அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு போ. மாப்பிள்ளையோடு சண்டை வரும், வராமல் இருக்காது. தப்பு உன்னுடையது என்றால் அன்றைக்கே முழுசாகச் சொல்லிவிடு. தப்பு அவருடையது என்றால் அதையும் சொல்லிவிடு. போன வருஷம் உன் கம்பெனியில் அளவு தப்பின பாகத்தை அனுப்பக் கூடாது என்று நீ நிறுத்திவைத்தாய், உன் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அப்போது நான், "உனக்கு எதுக்கும்மா ஊர் வம்பு, பேசாம இரு" என்றேன். அந்த யோசனையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இருந்ததில்லை.

நேற்றுக் காலையில் நானே கொடியைக் கட்டிவிட்டு மைக்கைப் பிடித்தேன். "எல்லாருக்கும் வணக்கம். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி இதே கம்பத்துல கொடி தலைகீழா ஏறிச்சி. கட்டினது நானு. சுதாம் உல்டான்னு சொன்னாரு, எனக்கு நல்லா புரிஞ்சிச்சி. திமிர்ல கட்டினேன், பயத்துல அவரு மேல பழியைத் தள்ளினேன். உண்மையைச் சொன்ன எம் பொண்ணை உங்க முன்னாடியே அடிச்சேன்" என்றேன். தணிகாசலத்துக்கு இப்போது வயசாகிவிட்டது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "நல்ல நாளும் அதுவுமா எதுக்குப்பா இதெல்லாம், வுடு" என்று கையை ஆட்டினார். அந்த இடத்தில்தான் வீடியோ நின்றுபோயிருக்கும். "தலைவரே, நீங்க அன்னிக்கு அவரைக் கம்பத்துக்கிட்ட வராதேன்னீங்க, நான் குனிஞ்சிக்கினு இருந்தேன். இன்னிக்கு அவருதான் கொடி ஏத்தணும்" என்றேன். சுதாம் சுவரை விட்டு நகரவில்லை. அவர் பெண்சாதிதான் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். வந்தார். கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். அவர் உடனே இழுக்கவில்லை. மடிப்பை விரலால் விலக்கி, மேல் முனை காவிதானா என்று பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். தெருவே சிரித்தது, தணிகாசலம் உள்பட. கொடி மேலே போய் விரிந்து, பூவெல்லாம் அவர் தலையில் கொட்டியது. அவர் பையன் விசில் அடித்தான். நான் வாழ்க்கையில் அப்படிக் கைதட்டினதில்லை.

கூட்டம் கலைந்தபின் லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பையா, நான் உங்க மேல கோவமாவே இல்ல. அன்னிக்கு சாயங்காலமே உங்க பாப்பா எங்க ரூமுக்கு வந்துச்சி" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கன்னம் வீங்கிக் கெடந்துச்சி. கையில பாதுஷா வச்சிருந்துச்சி, பாதி எங்களுக்குக் குடுத்துச்சி. அப்ப எனக்குத் தமிழ் தெரியாதா, கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிச்சி. எங்க நைனா நல்லவரு மாமா, அவரே வந்து எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, கொஞ்சம் டைம் ஆவும்னு. சரின்னு சொன்னேன். அதான் வருஷா வருஷம் வந்து நின்னுக்கினு இருந்தேன்" என்றார்.

பன்னிரண்டு வயசில், நான் அறைந்த கன்னத்தோடு, எனக்காக நீ ஜாமீன் நின்றிருக்கிறாய். அதை ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. போனில் சுதாம் மாமா வருவாரா என்று கேட்டது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது, கண்ணு. உன்னை அடித்ததற்கு இந்த அப்பனை மன்னித்துவிடு. பாதுஷாவில் அதை நான் மறைத்தேன், இப்போது வாய்விட்டுக் கேட்கிறேன். பந்தலில் உன் பக்கத்தில் நான் நிற்கும்போது பெண்ணைப் பெற்றவன் என்று எல்லாரும் என்னைக் காட்டுவார்களே, அன்றைக்கு என்னைவிடப் பெருமைக்காரன் இந்த ஜில்லாவிலேயே இருக்கமாட்டான். சுதாம் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டார், உன் கல்யாணம் பார்த்துவிட்டுத்தான் போவாராம். நீ சொன்ன மாதிரியே உன் நைனா போய்ச் சொல்லிவிட்டேன், அம்மாடி. டைம்தான் கொஞ்சம் அதிகமாக ஆகிவிட்டது.

உன் நைனா